எல்லாப் பையன்களுக்கும் ஒரே தொண்டை

என் அக்காவை வேலை செய்கிற இடத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, ஆனால் தொண்டைக்கு மட்டும் இன்னும் பதினைந்து வயது. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்தால், “தம்பி, வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்பார்கள். அவளும், இருங்க கூப்பிடுறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்திருந்து, மறுபடி அதே குரலில் தானே பேசுவாள். இந்தத் தொண்டைதான் அவளுக்குச் சோறு போடுகிறது. விடலைப் பையன்களைப் பற்றி எடுக்கிற படங்களில் எவனோ வாயசைப்பான், குரல் என் அக்காவுடையது.

அந்தப் படங்களின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பையனிடம் சைக்கிள் இருக்கும், அப்பாவிடம் பெல்ட் இருக்கும். கணக்கில் பெயிலாவான். மொட்டை மாடியில் திருட்டு சிகரெட் பிடித்து இருமுவான். ஒருத்தி திரும்பிப் பார்த்தால் போதும், ஜன்னல் இல்லாத வகுப்பறையிலும் காற்றடிக்கும். கூட்டாளிகள் அவனைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டுவார்கள், தியேட்டரே சிரிக்கும். கடைசியில் மழை பெய்யும், அப்பா கட்டிப்பிடிப்பார். மழை வராவிட்டால் அந்த வீடுகளில் யாரும் யாரையும் தொடுவதில்லை. பருவ வயதின் வலியைச் சொன்ன காவியம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருகிற ஆண்களுக்கு, வீட்டில் அதே வயதில் ஒன்று உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வராது. வந்தாலும், ‘ஏன்டா இன்னும் தூங்கல’ என்பதற்கு மேல் பேச்சு போகாது.

அக்காவுக்கு இந்த வேலையில் கர்வம் உண்டு. குரல் உடைவதற்கு ஐஸ் தண்ணீர், அழுகைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பிறகு தொண்டை கட்டிக்கொண்டால் மருந்துக்கடையில் இருக்கிற என்னிடம் வந்து நிற்பாள். போன வருஷம் வந்த படத்தில் அந்தக் கழிப்பறைக் காட்சி வந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் முகத்தை விட்டுப் பேசினாளாம். எதிரொலி இயற்கையாக இருக்க வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக் காலில் நின்றாராம். “கதவைத் திறங்கடா, நான் ஒண்ணும் அழலைடா” என்ற அந்த வசனம் ஊரெல்லாம் பரவியது. பால்காரர்கூட எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி அதைத்தான் சொன்னார். எல்லாம் நிஜ வாழ்க்கையிலிருந்து எடுத்தது என்று டைரக்டர் பேட்டி கொடுத்தார். எந்தக் கடையிலிருந்து எடுத்தாரோ.

அக்காவுக்குச் சொந்தமாகவும் ஒரு பையன் இருக்கிறான். பத்தாம் வகுப்பு. படத்துப் பையன்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், இவன் ‘ம்’ என்பான். சாப்பிட்டாயா, ம். படித்தாயா, ம். சித்தி வந்திருக்கிறேன், ம். என் அத்தானுக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வந்து, பையனுக்கு எவ்வளவு அடக்கம் என்று மெச்சிவிட்டுத் தூங்கப் போவார்.

அவன் முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை. ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னாள். முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது பையன், “அம்மா, ஸ்கூல்ல என்னைப் பாத்ரூம்ல வச்சுப் பூட்டுறாங்க” என்றானாம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். “அது நான் பேசின சீன்டா, வேற ஏதாவது சொல்லு” என்றாளாம். அதோடு விட்டாளா? பூட்டுறாங்க என்கிற இடத்தில் மூச்சை விடாதே, விட்டால் அழுகை எடுபடாது, எங்கே இன்னொரு டேக் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். அவன் பாதித் தட்டில் எழுந்து போய்விட்டானாம். “பாரேன், இவனுக்கும் நடிப்பு வருது” என்று என்னிடம் பெருமை வேறு.

அவன் நடிக்கவில்லை, கூப்பிட்டு ஒழுங்காகக் கேள் என்றேன். பிள்ளை பெற்று வளர்த்துப் பார், அப்புறம் எனக்குச் சொல் என்றாள். எனக்குக் குழந்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. மாத்திரைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் அவன் ‘ம்’ ஆனான்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது, தலைமையாசிரியை உடனே பார்க்க வேண்டுமாம். அக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து தான் பேசிய படங்களையெல்லாம் பெற்ற பிள்ளையின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சிகரெட்டாக இருக்குமோ? பெண் விவகாரமோ? ஒழுங்காகப் பெயிலாகியிருந்தால் பரவாயில்லையே என்றுகூடச் சொன்னாள்.

தலைமையாசிரியையின் அறையில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய குரூப் போட்டோக்கள், இரும்பு பீரோவின் மேல் தூசி படிந்த கோப்பைகள். பையன் பீரோவை ஒட்டி நின்றிருந்தான். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீங்க போன்ல சொன்னதை விசாரிச்சுட்டேன் மேடம்” என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். எந்த போன் என்று கேட்க அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். நல்லவேளையாக முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டாள்.

வகுப்பில் மூன்று பையன்களாம். மதிய இடைவேளையில் இவனைக் கழிப்பறையில் தள்ளிப் பூட்டுவார்களாம். படத்து வசனத்தை அம்மா குரலில் அச்சு அசலாகச் சொன்னால்தான் திறப்பார்களாம். சரியாக வராவிட்டால் மணி அடிக்கிற வரைக்கும் உள்ளே. மூன்று பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நிஜ வாழ்க்கையிலிருந்து எடுத்தார்களே, அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாயிற்று.

“ஆனா அதுல ஒருத்தனோட அப்பா சண்டைக்கு நிக்கிறார். போன்ல பேசினது நீங்க இல்லையாம், இவனே உங்களை மாதிரிப் பேசி என்னை ஏமாத்திட்டானாம். அப்படி இருந்தா இவனைத்தான் வெளிய அனுப்பணும்கிறார். போன் வந்தது உங்க நம்பர்லேர்ந்துதான். இருந்தாலும் நேர்ல கேட்டுடறேன். பேசினது நீங்கதானே?”

இவன் அம்மா மாதிரியே பேசுவான் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மதியத்துக்கு மதியம் பயிற்சி கொடுத்தவர்கள் அவர்கள்தானே. அக்கா குளிக்கப் போயிருந்தபோது அவன் அவள் போனை எடுத்துப் பேசியிருப்பான். இது எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் முகம் வெளுத்துப்போனது.

அவள் பொய் சொல்லத் தயங்குவாளோ என்று எனக்குப் பயம். ஊரான் வீட்டுப் பையன்களுக்கெல்லாம் பொய்யழுகை அழுகிறவள், இங்கே வந்து உத்தமியாகிவிட்டால்?

“நான் என்ன சொன்னேன்? கொஞ்சம் சொல்றீங்களா?” என்றாள்.

தலைமையாசிரியை அவளை ஒரு மாதிரி பார்த்தார். “என் பையன் பொய் சொல்ல மாட்டான் மேடம்னீங்க. அவன் வீட்ல வந்து சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன், தப்பு என் மேலதான்னீங்க. அதுக்கப்புறம் உங்களால பேச முடியல.”

பையன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எத்தனையோ வாயசைப்புக்குச் சரியாகக் குரல் கொடுத்தவள், இந்த ஒரு வரிக்குத் திணறினாள். ஐஸ் தண்ணீர் இல்லாமலே குரல் உடைந்தது.

“ஆமா. நான்தான் பேசினேன்.”

போனில் கேட்ட அதே குரல் என்று தலைமையாசிரியைக்குத் தெரிந்துவிட்டது. அந்த அப்பாவுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லி எழுந்தார்.

வெளியே நல்ல வெயில். படமாக இருந்தால் இந்த இடத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு துண்டு நிழல்தான் இருந்தது, அதிலும் மூன்று பேரும் தள்ளித் தள்ளித்தான் நின்றோம். அக்கா அவன் தோளில் கை வைக்கப் போனாள். அவன் பையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“இப்பவாவது அம்மாகிட்ட ஏதாவது சொல்லுடா” என்று கெஞ்சினாள்.

“எதுக்கு? சொல்ல வேண்டியதையெல்லாம் நீதான் போன்லயே சொல்லிட்டியேம்மா” என்றான்.

அக்கா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். பிறகு “ம்” என்றாள்.