தட்டான்கள் இறங்கிய கல்

என் வீட்டுக்காரர் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் பாலீஷ் போடும் வேலை பார்த்தார். ஒருநாள் போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினார். வெயிலில் கிடத்தியிருந்த கருங்கல் பலகையை ஒரு தட்டான் வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழுந்துகொண்டிருந்தது.

"பாரு, கல்லு மினுக்கறதத் தண்ணினு நெனச்சிக்கிட்டு முட்ட வெக்குது. அத்தனையும் காஞ்சி போயிரும்" என்றார்.

மறுநாளிலிருந்து பலகைகள் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாராம். கூட வேலை செய்தவர்கள் "பிரசவ டாக்டர்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்படித்தான் எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை, மாந்தோப்பு என்று நடப்போம். படம் போட்ட புத்தகம் ஒன்று என் பையில் இருக்கும். உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், மடக்கிக்கொண்டால் ஊசித்தட்டான். அதுவரைக்கும் சண்டை வராது. தெருவிளக்குக் கம்பத்தில் விடிந்தும் ஒட்டிக்கிடக்கும் அந்துப்பூச்சிகளால்தான் வரும். "எறக்கையில கண்ணு மாதிரி புள்ளி எத்தனை இருக்குது, எண்ணிச் சொல்லுங்க" என்பேன். எண்ணாமலே நாலு என்பார். புத்தகத்தில் இரண்டு இருக்கும். "புத்தகம் போட்டவனுக்குக் கண்ணு தெரியல" என்பார். தப்பென்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, மனுஷன்.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களில் புதைக்கிற வழக்கம். வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பின் மூலையில் அடக்கம் செய்தோம். பட்டறை ஆட்கள் ஒன்று சேர்ந்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலீஷ் போட்ட கருங்கல்லைக் கொண்டுவந்து சமாதி மேல் பதித்தார்கள். அவர் நின்ற மெஷினிலேயே போட்டது என்றார்கள். அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

மழை விட்ட ஒரு காலையில் தட்டான்கள் வந்தன. மஞ்சள் நிறம், ஜோடி ஜோடியாக. கல்லைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. கூட வந்திருந்த நாத்தனார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணந்தான் வந்திருக்காரு."

அது என்னவென்று எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சாக்கை எடுத்துப் போடக்கூட இல்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். காரியம் முடிந்ததும் சொந்தபந்தம் எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவை மட்டும் வந்தன. எனக்கு அது வேண்டியிருந்தது. தெரிந்தேதான் விட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கல்லைத் துடைத்தேன். ரவையை விடப் பொடியாக ஏதோ ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தனையும் காய்ந்திருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் பார்த்திருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

அம்மி கொத்துகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். கல்லைத் தடவிப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, இவ்ளோ நல்லா பாலீஸ் போட்ட கல்ல யாராச்சும் கொத்துவாங்களா?"

"கொத்துங்க" என்றேன். காரணம் சொன்னால் சிரிப்பார்.

என் முகமும் மாங்கிளையும் தெரிந்துகொண்டிருந்த இடம், உளி பட்டுப் பட்டுச் சாம்பல் நிறமாக வெளுத்துப்போனது. கல்லைக் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருந்தது. நாத்தனார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அடுத்த மழைக்குத் தோப்புக்குப் போய் உட்கார்ந்தேன். மரங்களுக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகச் சுற்றின. சமாதியைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் போயின. ஒன்றுகூடக் கல்லில் இறங்கவில்லை. அதற்காகத்தான் கொத்தச் சொன்னேன். ஆனாலும், ஒன்றாவது வராதா என்று வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.