துணைக்கு வந்த படம்

"உருவப்படம் மாட்டுற ஊடா இது? எதுக்குங்க வாங்கினீங்க?"

"தொர சீமைக்குப் போறான். சாமானெல்லாம் வித்தான். ஜப்பான்ல மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சதாமா. இருக்கட்டும். பகலெல்லாம் தனியாத்தானே இருக்கே? உனக்கொரு தொணை."

ஹக்கீம் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை அவன் மனைவி சௌதா இன்றுவரை மறக்கவில்லை. இது இட்டுக்கட்டிய கதை இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அவள் சொல்லும் நாளும் நேரமும் மாறியதில்லை.

1956 நவம்பர். வண்டன்மேடு. ஹக்கீமுக்கு ஏலக்காய் வியாபாரம். பாலக்காட்டிலிருந்து அவள் வாழ வந்து இரண்டு வருடம். அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். அதைக் கேட்கத்தான் முடியவில்லை. "ஏனுங்க..." என்று தொடங்குவாள். "அப்புறம் பேசலாம்" என்று அவன் ஜீப்பில் ஏறிவிடுவான். இரண்டு மாதமாக இதே கூத்து.

படத்தில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். முகம் எதிரே இருந்த கண்ணாடியில் மட்டும் தெரிந்தது. வலது ஓரம் கணப்பு அடுப்பின் மேல் ஒரு கெட்டில். அதன் முன்னே ஒரு சின்ன மெத்தை. காலியாக.

தொழுகை நேரத்தில் சௌதா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். முடிந்ததும், கணவனுக்காக, மறுபடி நேராக்குவாள்.

படம் வந்த ஐந்தாம் நாள். பிற்பகல் 3.50. படத்தைத் திருப்பிவிட்டுத் தொழுகையில் நின்றாள். அடுக்களையில் சத்தம்.

டக்... டக்... மரச்செருப்பு நடப்பதுபோல.

தொழுது முடித்துப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அதன்மேல் இருந்த கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீதான் வெச்சு மறந்திருப்பே. வயித்துப் புள்ளக்காரிக்கு இப்பிடித்தான்" என்றான் ஹக்கீம். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும்!

ஆறாம் நாள் அவன் சீக்கிரம் வந்துவிட்டான். அவள் தொழுது சலாம் கொடுத்து முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்தான்.

"அடுக்களையில யாரு?"

"யாருமில்லீங்க. ஏன்?"

"ஏனுங்க, ஏனுங்கன்னு உன் குரல் கேட்டுது. எட்டிப் பாத்தா ஆளில்ல. நீ இங்க தொழுதுட்டிருக்கே... சரி, சோத்தப் போடு."

எட்டாம் நாள். 3.40. துரை பங்களாவில் சமையல்காரனாக இருந்த இன்னாசிராஜ் வேலை கேட்டு வந்து வாசலில் நின்றான். உள்ளே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அம்மா... அந்தக் கெட்டில்கிட்ட இருந்த பொண்ணு எங்கெ?"

"யாரு?"

"ரெண்டு பேருல்லா இருந்தாக! ஒருத்தி தலை வாருவா. இன்னொருத்தி அந்த மெத்தையில உக்காந்து வெந்நி போடுவா. இருவது வருசமா நாந்தானம்மா தூசி தட்டுனேன்!"

அதற்குமேல் அவன் நிற்கவில்லை.

3.50. அன்று அவள் படத்தைத் திருப்பவில்லை. தொடவே கை வரவில்லை.

4.10. ஜீப் சத்தம். ஹக்கீம் உள்ளே வந்தான். அவளுக்கு முதுகு காட்டிச் சட்டையைக் கழற்றினான்.

இன்று சொல்லிவிட வேண்டும். சௌதா வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

டக்... டக்...

அடுக்களையிலிருந்து, அவள் குரல்.

"ஏனுங்க..."

ஹக்கீம் அடுக்களைப் பக்கம் திரும்பினான். இரண்டு மாதத்தில் முதல் முறையாகக் கேட்டான்.

"என்ன, சொல்லு?"

அவன் முதுகுக்குப் பின்னால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள் சௌதா.

"என்னைய... எங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."