கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு

எங்கள் நகரில் என்னைப் பற்றி ஒரு செய்தி உலவுகிறது. பிறர் வாயில் அது வளர்வதைவிட, நடந்ததை நானே எழுதிவிடுவது முறையானது எனக் கருதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் நேர அலுவலகத்தை முப்பது ஆண்டுகள் நிர்வகித்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பதுதான் என் துறை. பொருளாதாரத்தில் முதல் வகுப்பு. ஓய்வுக்குப் பின் குடியிருப்போர் சங்கத் தலைவர். அந்தப் பொறுப்பில், பொங்கல் விழா மேடையில், வீடியோ கேம் என்பது உழைக்க மனமில்லாதவரின் புகலிடம் என்று இருபது நிமிடம் பேசினேன். சங்க மலரில் அதை முழுமையாக அச்சிட்டார்கள். என் மருமகளும் கைதட்டினாள்.

இத்தனைக்கும் அப்படியொரு கேம் பெட்டி என் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் மருமகள் வாங்கி வைத்தது.

புரட்டாசித் தொடக்கத்தில் முழங்கால் பிசகி, வீட்டோடு இருக்க நேர்ந்தது. மருமகளுக்கு முதல் ஷிப்டு, வீடு திரும்ப இரண்டு மணிக்கு மேல் ஆகும். மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு. ஆயுத பூஜை மாலைக் கூட்டத்தில் மறுபடியும் அதே தலைப்பில் பேசச் சங்கத்தார் கேட்டிருந்தார்கள். ஆதாரம் திரட்டும் நோக்கத்துடன் மட்டுமே, ஒரு நாள் பதினோரு மணிக்கு அந்தப் பெட்டியை இயக்கினேன்.

தொடங்கும் முன் அது ஒரு கேள்வி கேட்டது. கடினமா, நடுத்தரமா, அல்லது கதை மட்டும் போதும் என்பவர்களுக்கான நிலையா? மூன்றாவதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டு, கடினத்தைத் தேர்ந்தேன். கடத்தப்பட்ட தம்பியைத் தேடி வாளோடு புறப்படும் ஓர் அக்காவின் கதை அது. முதல் வாயிலில் ஒரு நாய் இருந்தது. மூன்று நாட்கள் அது என்னை உள்ளே விடவில்லை.

நான்காம் நாள், வாசற்கதவு சாத்தியிருப்பதை உறுதி செய்துகொண்டு, மூன்றாவது நிலைக்கு இறங்கினேன்.

அங்கே எதிரிகள் மரியாதை தெரிந்தவர்கள். நான் பொத்தானைத் தேடி முடிக்கும்வரை ஓங்கிய வாளை ஓங்கியபடியே வைத்திருந்தார்கள். தவறி விழுந்தால் மூன்றடி பின்னால் நிறுத்தி, ஒரு சொல்லும் சொல்லாமல் மறுபடி நடக்க விட்டார்கள். என் பணிக்காலத்தில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படி நடத்தியதில்லை. நானும் யாரையும் நடத்தியதில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் தம்பி விட்டுச் சென்ற ஒரு துண்டுக் கடிதம் கிடைக்கும். அதற்காகத்தான் சண்டை. நான் நகர்த்தினால்தான் அந்த அக்கா நடப்பாள் என்பதால், அவளைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சோற்றுக்கு உட்காருவது குற்றமாகவே பட்டது.

தவறு வேறு இடத்தில் நேர்ந்தது. ஆலையில் ஓர் இயந்திரத்துக்கு ஒரே பதிவேடு. எந்த ஷிப்டாக இருந்தாலும், இயந்திரத்தின் நிலையை அதே ஏட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஒன்றரை மணிக்கு முடிக்கும்போதெல்லாம், ஏற்கெனவே பதிவு இருந்த இடத்திலேயே என் ஆட்டத்தையும் சேமித்தேன். புதிய ஏடு திறக்க எனக்கு அதிகாரம் ஏது? அது மருமகள் ஐந்து மாதம் ஆடிச் சேமித்திருந்த இடம்.

தணிக்கை வேலையால் பெட்டியைத் தொடாமலிருந்தவள், பூஜைக்கு மூன்று நாள் முன்பு திறந்தாள். நேராக மகனிடம் போனாள்.

“இன்னா பண்ணி வச்சிக்கீற? கடைசிக் கோட்டைல இருந்தேன். இப்ப பாலத்தாண்ட நிக்கிது.”

“நான் எங்க தொட்டேன்? ரெண்டு வாரமா ஊட்டுக்கு வர்றதே தூங்கத்தான்.”

“அப்ப பேயா ஆடிக்கினு இருந்துச்சு? அதுவும் ஈசி மோடுல.”

அந்தக் கடைசிச் சொல் சுட்ட அளவுக்கு, மகன் மீது விழுந்த பழி என்னைச் சுடவில்லை. வாயைத் திறந்தால் பொங்கல் மேடை, சங்க மலர், தலைவர் பதவி எல்லாம் ஒரே நாளில் சிரிப்பாகிவிடும். செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த இரண்டு நாட்கள் அவள் அவனுடன் பேசவில்லை. அவன் தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான்.

ஆயுத பூஜையன்று காலை மகன் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். கழுவிய ஸ்கூட்டர், அவனுடைய ஸ்பேனர்கள், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, மருமகள் கேம் பெட்டியின் கன்ட்ரோலரைத் தட்டில் வைத்து என் முன் நீட்டினாள்.

“இதுக்கு நீங்களே பொட்டு வைங்க மாமா.”

ஏன் நான் என்று, மேடையில் பேசும் குரலில் கேட்டேன்.

“அந்தப் பெட்டி எல்லாத்துக்கும் டைம் போட்டு வச்சிக்குது மாமா. நேத்துதான் பாத்தேன். தெனம் பதினோரு மணிக்குத் தொடங்கி ஒன்னரைக்கு முடிஞ்சிக்கீது. ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. இந்த ஊட்ல அப்படி ஆளு ஒருத்தர்தான்.”

பதிந்த நேரத்தைக் காட்டி எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்தவன் நான். சந்தனத்தைத் தொட்டுப் பொட்டு வைத்தேன். வெளியே சொல்ல மாட்டேன், அவரிடம் நானே சமாதானமாகிக்கொள்கிறேன், உங்கள் பெயர் கெடாது என்றாள். அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாததாக இருந்தது.

மகன் பூசணிக்காயோடு உள்ளே நுழைந்தான்.

“அவ ஆட்டத்த அழிச்சது நான்தான்,” என்றேன். “ஆனா முதல் மூணு நாள் கடினத்துலதான் ஆடினேன். அதையும் சேத்து சொல்லணும்.”

அவன் பூசணிக்காயை இறக்கிவைத்தான்.

“போன வருஷம் நானும் ஆடிப் பாத்தேன் நைனா. அந்த நாயி என்னையும் உள்ள வுடல.”

மாலைக் கூட்டத்தில் மழைநீர் வடிகால் பற்றிப் பேசினேன். தலைப்பு மாறிய காரணத்தை இணைச்செயலாளர் மகனிடம் விசாரித்திருக்கிறார். செய்தி அப்படித்தான் பரவியிருக்க வேண்டும். அது எனக்கு அன்று பெரிதாகப் படவில்லை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள்வரை தொடக் கூடாது. அக்காவோ பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.