பச்சை நூல் அடித்த கூறை

ஊரை விட்டுக் கடல் கடந்து மெரிலேண்ட்ஸுக்கு முதலில் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்ததில் வீட்டுக்கு ஒரு பொருளை இரும்புப் பெட்டியில் போட்டு எங்கள் சங்க மண்டபத்து வளவில் புதைத்தோம். பின்னால் வருகிற பிள்ளைகள் தோண்டிப் பார்க்கட்டும் என்று. நான் போட்டது ஒரு பாக்குவெட்டி. போன மாதம் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள்.

பாக்குவெட்டி துருப்பிடித்து வந்தது. அதற்குக் கீழே, பொலித்தீனில் சுற்றி, என்னுடைய கல்யாணக் கூறைச் சீலை.

சிவப்புக் கூறை ஆயிரம் இருக்கலாம். ஓரத்தைப் பச்சை நூலால் அடித்த கூறை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத அந்த நாட்களில் சிவப்பு நூலுக்கு எங்கே போவது?

அதை என்னிடம் இரவல் வாங்கியது மேல் வீட்டு அக்கா, என் மகளுக்கு அன்ரீ. பரமட்டாவில் இறங்கும்போது ரயிலிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி, என் மடியில் விழுந்து அழுதார். "சீலைதானே அக்கா, விடுங்கோ" என்று கண்ணைத் துடைத்துவிட்டதும் நான், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான். அடி பாவி!

என் மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். எங்கள் கல்யாணக் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. கூறையைக் கையில் கொடுத்துத்தான் சொல்வது என்று அவள் வயிற்றில் இருந்தபோதே நினைத்திருந்தேன். கூறை போனதோடு சொல்லவும் மனம் வரவில்லை. தாலி கட்டினவரும் போன வருடம் கண்ணை மூடிவிட்டார்.

"இது ஆற்றை கூறை?" என்று மைக்கோடு நின்றவர் கேட்டார். நான் எழும்புவதற்குள் அக்கா எழும்பிவிட்டார்.

"இது என்ரை கூறை தம்பி. தாலி கட்டிற நேரம் பொம்பர் வந்திட்டுது, குண்டு விழுது. முதல் ஆளாப் பங்கர்க் குழிக்கை குதிச்சது ஆர் தெரியுமோ? ஐயர்!" மண்டபம் சிரித்தது. "பிறகு அந்தப் பங்கருக்கை, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்திலைதான் தாலி ஏறினது."

சனம் கண்ணைத் துடைத்தது. ஐயர் என்கிற இடத்துக்கு முன் கொஞ்சம் நிறுத்துவதுகூட நான் நிறுத்துகிற மாதிரியே. எத்தனை தரம் நான் சமைக்கச் சமைக்க இதை என் குசினியில் இருந்து கேட்டிருப்பார்! அக்காவின் கல்யாணம் கொழும்பில் ஹோட்டலில் நடந்தது. அல்பம் பார்த்திருக்கிறேன். என் பக்கத்தில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி மேசையில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அது என்ரை கூறை. என்ரை கலியாணம்."

"அந்த நேரம் எல்லாற்றை கலியாணமும் அப்பிடித்தானே பிள்ளை நடந்தது" என்றார், வடையைப் பிய்த்தபடி. "பெட்டிக்கை போட எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை. இப்ப எல்லாருக்கும் முன்னாலை என்னை அவமானப்படுத்தப் போறியோ?"

என்ன நெஞ்சழுத்தம்! கூறையை அக்காவின் பெயரோடு கண்ணாடி அலுமாரியில் வைத்தார்கள்.

காரில் மகள் கேட்டாள்: "அம்மா, உங்கடை வெடிங் எப்பிடி நடந்தது? யூ நெவர் டோல்ட் மீ."

கூறை இல்லாவிட்டால் என்ன, கதையாவது என் பிள்ளைக்குப் போகட்டும் என்று தொடங்கினேன்.

"தாலி கட்டிற நேரம் பொம்பர் வந்திட்டுது பிள்ளை. ஐயர்தான் முதல் ஆளா..."

மகள் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து என் முழங்காலைத் தடவினாள்.

"நோ அம்மா" என்றாள் மெதுவாக. "தட் வாஸ் அன்ரீஸ் ஸ்டோரி."