பரிசீலனையில் ஒரு ஏசி மெக்கானிக்

“...அதெல்லாம் பசங்க பாத்துப்பாங்கம்மா. இவரு ஸ்பேனரையே தொட மாட்டாரு. காலையில வருவாரு, சேர்ல குந்துவாரு, யாரு எந்த லாட்ஜுக்குப் போவணும்னு சொல்லுவாரு. அவ்ளோதான். மேனேஜர்னே வெச்சுக்கோங்க.”

போனில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் என் முதலாளி அப்பாண்டைராஜன். அந்த மேனேஜர் நான்தான். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் குரங்குகள் காப்பர் பைப்பின் மேல் சுற்றியிருந்த ஃபோமைப் பிய்த்துப் போட்டிருந்தன. அதை மாற்றி, கேஸ் சார்ஜ் செய்துவிட்டு, முழங்கை வரை கரியோடு அப்போதுதான் கடைக்குள் நுழைந்தேன். முதலாளி என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“வெளிநாடா? சேச்சே. அந்தப் பேச்ச எப்பவோ வுட்டாச்சும்மா. இங்கயேதான் இருப்பாரு. எனக்கப்புறம் இந்தக் கடையே அவருக்குத்தான்.”

போனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பொண்ணு வூட்டுக்காரங்க. மெட்ராஸ்லேருந்து பேசறாங்க. படிச்ச பொம்பள, மரியாதையான பேச்சு. உங்கம்மாகிட்ட சொல்லு, இந்த எடம் அமைஞ்சுரும்.”

நானும் மகிழ்ந்துதான் போனேன். அன்று கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போய்க் குளித்தேன். அந்த போன் என்ன செய்துவிட்டுப் போனது என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது. நம் தொழிலில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட நினைக்கும் தம்பிகளுக்காக அதை எழுதுகிறேன்.

பரிசீலனை எப்படி இருக்குது?

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. ஐடிஐயைப் பாதியில் விட்டு, கடையில் சேர்ந்து, கையால் கற்றுக்கொண்டு, பிறகு போய்த் தேர்வெழுதி முடித்தவன். இங்கிலீஷ் கற்றுக்கொண்டது ஆசிரமம் பக்கத்து கஃபேக்களில். கேக் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் அது. அதை நம்பித்தான் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் ஒரு குளிர் நாட்டுக்கு விண்ணப்பித்தேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்த ஏஜென்ட், எவ்வளவு ஆச்சு என்று நாலு பேர் போன் செய்வீர்கள்.

விண்ணப்பித்த நாளிலிருந்து அந்த வெப்சைட்டில் ஒரே வரி. ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’ காலையில் பார்த்தாலும் அதுதான். ஏணி மேல் நின்று ஒரு கையால் அவுட்டோர் யூனிட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்த்தாலும் அதுதான். ஊரில் எல்லோருக்கும் அந்த வார்த்தை பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரை விசாரிப்பது போல, “பரிசீலனை எப்பிடி இருக்குது?” என்று கேட்பார்கள். அப்படியேதான் இருக்கிறது என்பேன். “பாவம்” என்பார்கள்.

டீக்கடைக்காரர் கேட்டார்: “அந்த ஊரே ஃப்ரீஸருக்குள்ள இருக்குதாம். அங்க போயி நீ எதக் குளுர வெக்கப் போற?” கோல்டு ஸ்டோரேஜ், ஹீட் பம்ப் என்று நான் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அதான், எதக் குளுர வெக்கப் போற?” என்று மறுபடி ஆரம்பித்தார்.

ஆட்டோக்காரர் வேறு மாதிரி. “உலகமே வண்டி புடிச்சு வந்து நம்ம மலையச் சுத்துது. நீ இங்கேருந்து கெளம்புறியே, உனக்கு இன்னா கொற?” கஃபேயில் ஒரு வெள்ளைக்கார அம்மா உண்டு. விசா முடியும்போதெல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பி வருவார். என் கதையைக் கேட்டுவிட்டு, நாம் இருவரும் பேசாமல் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டால் வேலை முடிந்தது என்றார். இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான யோசனை அதுதான்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் முடிந்தது, மறுபடி சென்னைக்குப் போய் எடுத்தேன். இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆயுள் முடிந்தது, மறுபடி எழுதினேன். எல்லாவற்றுக்கும் காலாவதி வைத்திருக்கிறார்கள், பரிசீலனைக்கு மட்டும் வைக்கவில்லை. வீட்டுக் கூரையை மாற்றலாமா வேண்டாமா, வண்டி வாங்கலாமா வேண்டாமா, எதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு லாட்ஜ் வருட மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் கொடுக்க வந்தது. முதலாளி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“நீ இருப்பியா, மாட்டியா? சொல்லு, கையெழுத்துப் போடறேன்.”

“தெரியல மொதலாளி.”

“தெரியலன்னு காண்ட்ராக்டுல எழுத முடியுமா?” பேனாவை மூடிவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் அப்பா இன்னும் நேராகச் சொன்னார். “போற மாப்பிள்ளைன்னா போற மாப்பிள்ள. இருக்கற மாப்பிள்ளைன்னா இருக்கற மாப்பிள்ள. வாசப்படியிலயே நிக்கிறவனுக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது?” எனக்குக் கோபம் வரவில்லை. என் நிலைமையை அவ்வளவு சரியாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த இடம் தட்டிப்போனதும் அம்மா நேரே கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னாள். “யாராவது விசாரிச்சா கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க. வெளிநாடுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க.” அதற்குப் பிறகு பெண் வீட்டார் என்று போன் வந்தால் எனக்கு ஒரு புதுப் பதவி கிடைக்கும். சூப்பர்வைசர் ஆனேன், பார்ட்னர் ஆனேன்.

மெயில்

மேனேஜர் ஆன போனுக்குப் பிறகு சில வாரம் கழித்து வெப்சைட்டில் ஒரு கடிதம் வந்தது. வரி மாறிவிட்டதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். படித்துப் பார்த்தேன், பாதி புரிந்தது. சென்னையில் என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்சல்டன்ட் மேடத்துக்கு போன் போட்டேன்.

“விசா ஆபீஸ்லேருந்து உங்க கடைக்கு வெரிஃபிகேஷன் கால் பண்ணியிருக்காங்க ஏழுமலை. நீங்க மெக்கானிக்னு லெட்டர் குடுத்திருக்கீங்க. உங்க ஓனர், நீங்க டூல்ஸே தொட மாட்டீங்க, மேனேஜர்னு சொல்லியிருக்காரு. நீங்க வெளிநாடு போற ஐடியாவையே விட்டுட்டீங்கன்னும் சொல்லியிருக்காரு. கெடு குடுத்திருக்காங்க. அதுக்குள்ள விளக்கம் தரலேன்னா ரிஜெக்ட். பொய் ஆவணம்னு முடிவு பண்ணிட்டா, அப்பறம் பல வருஷத்துக்கு அப்ளையே பண்ண முடியாது.”

பெண் வீட்டுக்காரி என்று நினைத்தது யாரை என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. “அந்தாளு வேணும்னேதான் சொல்லியிருக்காரு. உன்ன வுட்டா கம்ப்ரஸர் மாத்த அவருக்கு ஆள் ஏது?” கூட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டது யார் என்று நினைவுபடுத்தினேன். “கூட்டித்தான சொல்லச் சொன்னேன், கவுக்கவா சொன்னேன்?” என்றாள்.

அன்று இரவு எனக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. கடையில் பையன்கள் சர்வீஸ் செய்வார்கள், ஃபில்டர் கழுவுவார்கள். காப்பர் பைப்பைப் பற்றவைக்கும் பிரேஸிங், பிசிபி போர்டு, கம்ப்ரஸர் என்றால் நான் ஒருவன்தான். பௌர்ணமி வந்தால் ஊரில் எல்லா லாட்ஜும் நிரம்பும், எல்லா லாட்ஜிலிருந்தும் ஒரே நேரத்தில் கூலிங் கம்மி என்று போன் வரும். நான் போய்விட்டால் யாருக்குக் கஷ்டம்?

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். அவர் திகைத்துப் போனார்.

“ஏழுமல, நீயே சொல்லு. அந்தப் பொம்பள தமிழ்ல பேசிச்சு. எத்தன வருஷமா வேல செய்யறாருன்னு கேட்டுச்சு. சம்பளம் கேட்டுச்சு. என்னா வேல, ஆளு எப்பிடின்னு கேட்டுச்சு. பொண்ணு வூட்டத் தவிர வேற யாருடா இத்தெல்லாம் கேப்பாங்க?”

“ஆரம்பத்துல எங்கேருந்து பேசறோம்னு சொல்லியிருப்பாங்களே மொதலாளி.”

“சொன்னாங்க, இங்கிலீஷ்ல, கடகடன்னு. ஏதோ கல்யாண ஆபீஸ்னு நெனச்சுட்டேன்.”

மேடம் கேட்டது ஒன்றுதான். போனில் சொன்னது உண்மையில்லை என்று முதலாளி நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் எங்கள் பக்கத்துப் பழைய சமணக் குடும்பம். விளக்கு வைத்த பிறகு சோறு தொட மாட்டார். மாற்றாத பார்ட்டுக்குப் பில் போட மாட்டார். பெண் வீட்டாரிடம் கூட்டிச் சொல்வது அவர் கணக்கில் பொய்யில் சேராது போல.

“நான் பொய் சொன்னவன்னு முத்திரைத் தாள்ல எழுதிக் குடுக்கணுமா? அவங்க தப்பாப் புரிஞ்சுக்கினாங்கன்னு எழுதறேன்.”

“அத ஏத்துக்க மாட்டாங்களாம்.”

“அப்ப எனக்குத் தெரியாதுப்பா.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கடையில் சாமான்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைக்க ஆரம்பித்தேன்.

மொட்டை மாடி

பௌர்ணமி அன்று சாயங்காலம். தெருவில் ஜனம் நகர இடமில்லை. ஒரு லாட்ஜ் மாடியில் லீக் அடைக்க கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி படியேறி வந்தார். அவருக்கு முழங்கால் வலி, வேலை நடக்கும் இடத்துக்கு ஏறி வந்து பல காலம் ஆகிறது. வெயில் இறங்கிவிட்டது. அவர் சாப்பிடும் நேரம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

“நான் வேணும்னே சொன்னேன்னு உங்கம்மா சொல்றாங்களாமே.”

“ஆமா.”

“நீ?”

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “நானும் அப்பிடித்தான் நெனச்சேன்” என்றேன்.

அவர் கீழே போய்க்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். நான் ஜாயின்ட்டை அடைத்து முடிக்கும் வரை நின்றார்.

“நாளைக்கு ஆதார் எடுத்தாறேன். நோட்டரிகிட்ட போலாம்” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நோட்டரி நல்ல மனிதர். முதலாளியின் கௌரவத்தைக் காப்பாற்றப் பார்த்தார். “தவறான புரிதல் காரணமாகன்னு போட்டுடலாம் சார். டீசன்ட்டா இருக்கும்.”

“எனக்குப் புரிதல் கொறச்சல் ஒண்ணும் இல்லைங்க. இவன் மெக்கானிக்னு தெரிஞ்சேதான் மேனேஜர்னேன். பொண்ணு வூடுன்னு நெனச்சுப் பொய் சொன்னேன். அப்பிடியே எழுதுங்க.”

“அப்படியெல்லாம் யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க சார்.”

“நான் குடுக்கறேன்.”

பிறகு முதலாளி என் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டைப் அடிக்கும் பெண் அடித்துக்கொண்டே வந்தாள். கம்ப்ரஸர் மாத்துவான். பிரேஸிங் பண்ணுவான். வேக்கம் போட்டு கேஸ் சார்ஜ் பண்ணுவான். இவன் கை வெச்ச மிஷினுக்கு அதே கம்ப்ளைன்ட் திரும்பி வந்ததில்ல. இத்தனை வருடத்தில் இதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் என் காதுபடச் சொன்னது கிடையாது. கடைசியில் மேடம் சொல்லியிருந்த வரியையும் சேர்க்கச் சொன்னார். இவர் வெளிநாடு செல்ல இருப்பதை நான் அறிவேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் எடுத்து அங்கேயே அனுப்பிவிட்டேன்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பம் போட்டால், உங்களைப் பற்றி விசாரித்தால் யாரெல்லாம் போன் எடுப்பார்களோ, முதலாளியிலிருந்து டீக்கடை வரை, அத்தனை பேரிடமும் போய்ச் சொல்லுங்கள். இப்படி ஒரு போன் வரும், கேட்பவர் யாராக இருந்தாலும் என் வேலையை உள்ளபடி சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வேலை, விசாவுக்கு ஒரு வேலை என்று இரண்டு வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் விசாரிக்கிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இன்னொன்று, வண்டி வாங்க வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள். பரிசீலனை உங்களுக்காக எதையும் நிறுத்தி வைப்பதில்லை.

நோட்டரியிடமிருந்து திரும்பி வந்ததும் வெப்சைட்டைத் திறந்தேன். அதே பழைய வரி. வந்த எரிச்சலில் போனை மேசை மேல் போட்டேன். முதலாளி கம்ப்ரஸர் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கத்தரித்து, மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஏசி மெக்கானிக் தேவை. பிரேஸிங் தெரிந்திருக்க வேண்டும்.

“மொதலாளி, இன்னும் ரிசல்டே வரல. அவங்க வேணாம்னு சொல்லிட்டா நான் எங்க போறது?”

“அது அவங்க சமாச்சாரம். நீ போற ஆளுன்னு காலையில நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். மத்தியானம் ஆள் தேடாம குந்திருந்தா அது மட்டும் எப்பிடி நெசமாவும்?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலிக்கிற காலோடு அவரே ஏறி, அட்டையை ஷட்டருக்கு மேல் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார்.