மூச்சுப் பட்டைக்கு ரிஸ்க் எழுதியவள்

இன்னும் செய்யாத பொருளை விற்கும் தொழிலில், வாங்கியவர்களைவிடக் காத்திருப்பவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இணையத்தில் முன்பணம் கட்டிவிட்டு கூரியர் வண்டிச் சத்தத்துக்கெல்லாம் எட்டிப் பார்க்கும் என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இது.

நல்ல இங்கிலீஷ்

கான்வென்ட்டில் படித்ததால் கிடைத்த வேலை. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் ஒரு ஃபிளாட்டில் நவீன் என்பவர் குழந்தைகளுக்கான மூச்சுப் பட்டை செய்துகொண்டிருந்தார். இடுப்பில் கட்டிவிட்டால், தூக்கத்தில் குழந்தையின் மூச்சு நின்றதும் நம் போன் அலறும். வெளிநாட்டுக் கருவியின் விலையில் கால் பங்குதான். தயாரிக்கும் செலவை ஒரு இணையதளத்தின் மூலம் பொதுமக்களிடம் முன்பணமாகத் திரட்டினார். அந்தத் தளத்தில் 'ரிஸ்க்குகள்' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுதவும், பணம் கட்டியவர்களுக்குப் பதில் சொல்லவும் நான்.

தாமதமாகலாம், சிப் கிடைக்காமல் போகலாம், கடைசியில் பொருளே வராமலும் போகலாம் என்று ஒளிக்காமல் எழுதினேன். நவீன் படித்துவிட்டுச் சொன்னது: "சூப்பர்க்கா. எவ்ளோ வேணா எழுதுங்க, அவ்ளோ கீழ யாரும் வர மாட்டாங்க."

இரண்டு பட்டை

எழுதி முடித்த கையோடு நானே முன்பணம் கட்டினேன். குறைமாதத்தில் பிறந்த என் மகள் தூக்கத்தில் சில நொடிகள் மூச்சை நிறுத்திவிடுவாள். டாக்டர் சொன்ன கருவி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவள் மூக்கருகே விரலை வைத்தபடியே எனக்கு மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எல்லா ரிஸ்க்கும் தெரிந்த நீயே ஏன் கட்டினாய் என்று கணவர் கேட்டார். பயமாக இருக்கிறது என்றேன். தன் போனை எடுத்துக்கொண்டே அவர் சொன்னது: "அப்ப என் பேர்ல இன்னொண்ணு போடறேன். ஒண்ணு வரலைன்னாலும் ஒண்ணு வரும்ல."

மிஸ்

குரோம்பேட்டையிலிருந்து ஒரு போன். குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் எடுத்த மிஸ். பேரனுக்காகப் பதிவு செய்திருக்கிறார். ரிஸ்க் பகுதியை முழுதாகப் படித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எழுதியது நான் என்றதும் சந்தோஷப்பட்டார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"அழகா எழுதியிருக்கம்மா. பொருள் வரலைன்னா என்ன ஆகும்னு இருக்கு. வந்து, தப்பாச் சொன்னா என்ன ஆகும்னு எங்க இருக்கு?"

தலையணை

அந்தக் கேள்வி விடவில்லை. நவீனிடம் கேட்டு மாதிரிப் பட்டை ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்தேன். மகளுக்குக் கட்டுவதற்கு முன் தலையணையில் கட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மூச்சு சீராக இருக்கிறது என்றது போன். தலையணைக்கு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு முறை மூச்சு.

மறுநாள் நவீன் அரிசிப் பையில் கட்டினார். அதுவும் மூச்சு விட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஃபேன் காற்றில் உண்டாகும் மெல்லிய அசைவைப் பட்டை மூச்சென்று எடுத்துக்கொள்கிறதாம். தாம்பரத்து மே மாதத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னது: "ஃபேன ஆஃப் பண்ணிட்டா கரெக்டா காட்டுதுக்கா."

பேர எடுத்துடாதீங்க

சரிசெய்ய எவ்வளவு நாளாகும், சரியாகுமா என்று அவருக்கே தெரியவில்லை. ரிஸ்க் பகுதியில் அதையும் சேர்த்தேன். யாரும் அவ்வளவு கீழே வர மாட்டார்கள் என்பதால், ஒவ்வொருவருக்கும் போன் செய்து, விலகினால் பணம் திரும்பிவிடும் என்றும் சொன்னேன்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு அப்பா. அவர் குழந்தைக்கும் என் மகளுக்கு இருப்பதேதான். தலையணை மூச்சு விட்ட கதையை மறைக்காமல் சொன்னேன். இதை நம்பித் தூங்கிவிடாதீர்கள் என்றேன். முழுக்கக் கேட்டார்.

"புரியுதுக்கா. ஆனா இப்ப எங்கிட்ட அதுவும் இல்லையே. பேர மட்டும் எடுத்துடாதீங்க."

அத்தனை பேரில் விலகியது மிஸ் மட்டும்தான். எங்கள் வீட்டுப் பெயர்கள் இரண்டையும் நீக்க ரிஸ்க் எழுதியவளுக்கே இன்னும் கை வரவில்லை.