உப்பு டப்பாவோடு மலையேறிய அத்தை

காணும் பொங்கலன்று எங்கள் செஞ்சிக் கோட்டையில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ராஜகிரி படிகளில் ஒரே தள்ளுமுள்ளு. நான் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு சிறுமி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு யாழினி. எட்டு வயது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? போன வருடம் வீட்டு வாசல்படி ஏறவே திணறிய பிள்ளை அவள்!

பிறந்ததிலிருந்தே சளி, இருமல். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. முத்தம் கொடுத்தால் உதடு உப்புக் கரிக்கும். விளையாடிவிட்டு வந்தால் கறுப்பு கவுனில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

இதைப் பார்த்து அவளுடைய அத்தை மங்கை ஒரு முடிவுக்கு வந்தார். அப்பாவின் அக்கா — அந்த வீட்டின் உள்துறை அமைச்சர்.

"உடம்புல உப்பு மிஞ்சிப் போச்சு. அதான் வெளிய வழியுது. இனிமே புள்ளைக்கு உப்பே போடாத!"

உப்பு டப்பா பரண் ஏறியது. அதோடு விட்டாரா? "எங்க வம்சத்துல யாருக்கும் இப்டி இல்ல. இது உங்கூட்டு சீக்கு" என்று யாழினியின் அம்மா செல்விக்கு தினமும் ஒரு குத்து. செல்வி எதிர்த்துப் பேச மாட்டாள். மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் அழுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பிள்ளை மயங்கி விழுந்தாள். பாண்டிச்சேரிக்கு ஓடினோம். அங்கே ஒரு குழந்தை டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு யாழினியின் வியர்வையை எடுத்து, அதிலிருந்த உப்பை அளக்கச் சொன்னார். ஜீன் பரிசோதனையும் நடந்தது. ஒருவழியாக நோய்க்குப் பெயர் கிடைத்தது... சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

உப்பும் தண்ணீரும் செல்களுக்குள் போய்வர வாசல் மாதிரி ஒரு புரதம் இருக்கிறதாம். அதை உருவாக்கும் ஜீனில் பழுது. அதனால் வியர்வையில் உப்பு வீணாகப் போகிறது. நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டிப்படுகிறது. கணையத்தின் குழாய்கள் அடைத்துக்கொள்வதால் சாப்பாடும் சரியாகச் செரிப்பதில்லை.

"அப்போ உப்ப கொறைக்கணும்ல சார்?" என்றார் மங்கை.

"ஐயோ, சேத்துக் குடுக்கணும்மா! இருக்கற உப்பெல்லாம் வெளிய போயிடுது. அதனாலதான் மயங்கி விழுந்திருக்கா."

அதுவரை வாய் திறக்காத செல்வி கேட்டாள். "இது யாருகிட்டேருந்து வந்துச்சு சார்?"

"ரெண்டு பேர்கிட்டேருந்தும்தான். அம்மாகிட்டேருந்து ஒரு பழுதான ஜீன், அப்பாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாதான் நோய் வரும். ஒண்ணு மட்டும் இருந்தா வெளிய தெரியாது. ஏன், அத்தைகிட்டகூட இருக்கலாம்!"

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் வைத்தியம். சாப்பாட்டோடு செரிமானத்துக்கு மாத்திரை, மருந்தை ஆவியாக மூச்சில் இழுக்க நெபுலைசர், சளி இளகி வர முதுகில் தட்டல். கிருமி தொற்றினால் ஆன்டிபயாட்டிக். நெய், வேர்க்கடலை என்று சத்தான சாப்பாடு. பழுதான புரதத்தையே வேலை செய்யவைக்கும் புது மருந்துகளும் வந்துவிட்டன! எல்லோருக்கும் பொருந்தாது, விலையும் எட்டாத உயரம். முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் மற்ற வைத்தியத்திலேயே யாழினி சதை போட்டாள். இருமல் குறைந்தது. "நல்லா ஓடட்டும், ஏறட்டும்" என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த மலையேற்றம்.

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். முக்கால்வாசி ஏறியதும் யாழினி பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. செல்வி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள். அப்போது கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார் மங்கை. ஒரு கையில் மோர் பாட்டில். இன்னொரு கையில்... அதே உப்பு டப்பா!

"இன்னாடி உக்காந்துட்ட? இந்தா, உப்பு தூக்கலா போட்ருக்கேன். குடி."

மடக் மடக்கென்று குடித்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து, "நைனா! யாரு ஃபர்ஸ்ட்டு பாக்கலாமா?" என்று ஒரே ஓட்டம். அப்பா பின்னாலேயே ஓடினார். உச்சியிலிருந்து அவள் போட்ட கூச்சல் கீழே நின்ற எனக்குக் கேட்டது. நானும் பதிலுக்குக் கத்தினேன். அத்தனை சந்தோஷம்!

மங்கை மீதி மோரைச் செல்வியிடம் நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"நீயும் குடி. அது எங்கூட்டு சீக்குந்தான்."

செல்விக்கு முன்னால் நான் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன் — சகிக்க முடியாத உப்பு. செல்வி ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.